ஆல்பர்ட் கிங்: தலைகீழ்க் கிடாரும் மெம்ஃபிஸ் கூடமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

1966 மார்ச் மாதம் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், ஈஸ்ட் மெக்லெமோர் அவென்யூ 926ஆம் எண் கட்டடத்தில் ஒருவர் கிடாரோடு உட்கார்ந்து பாடல் பதிவு செய்தார். ஆறடிக்கு மேல் இன்னும் நாலைந்து அங்குல உயரம், அதற்கேற்ற உடம்பு, அகலமான கை. அடுத்த மாதம் வந்தால் 43 வயது. புல்டோசர் ஓட்டிப் பிழைத்தவர். இசைத்தட்டு போடத் தொடங்கி 13 வருடம் ஆகியிருந்தது. அந்தப் 13 வருடத்தில் பேர் சொல்லும்படி ஓடியது ஒரே ஒரு பாட்டுதான்.

அடுத்த பதினைந்து மாதங்களில் அதே கட்டடத்துக்கு அவர் பலமுறை வந்துபோனார். அப்போது பதிவான பதினோரு பாடல்கள் 1967 ஆகஸ்டில் ஓர் ஆல்பமாக வந்தன. அதைக் கேட்ட இளைஞர்கள் லண்டனிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் டெக்சாஸிலும் தங்கள் வாசிப்பையே மாற்றிக்கொண்டார்கள். இன்றைக்கு எந்த ராக் கச்சேரியில் கிடார்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்பியை நீளமாக இழுத்து அழவைத்தாலும், அந்த இழுப்பின் வேர்களில் ஒன்று இந்த மனிதரிடம் போய் முடியும்.

அவர் பெயர் ஆல்பர்ட் கிங், அமெரிக்கக் கறுப்பர்களின் துயரப் பாட்டான ப்ளூஸைப் பாடி வாசித்தவர். இந்த ஆய்வு கேட்கும் கேள்வி ஒன்றுதான். கை அதே கை, கிடார் அதே கிடார், குரல் அதே குரல். பிறகு ஏன் 43 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது? அந்தக் கட்டடத்தில் என்ன கிடைத்தது? "மேதை, அவ்வளவுதான்" என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் 1953 முதல் 1992 வரை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கம்பெனிகளில், வெவ்வேறு குழுக்களோடு அவர் வாசித்த பதிவுகள் நம் கையில் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்றை வைத்துக் கேட்டால் பதில் ஓரளவு துலங்குகிறது.

பருத்திக் காட்டிலிருந்து

இயற்பெயர் ஆல்பர்ட் நெல்சன். பிறந்தது 1923 ஏப்ரல் 25. மிசிசிப்பி மாநிலத்தின் இண்டியனோலாதான் பிறந்த ஊர் என்று அவரே சொல்லிவந்தார். எட்டு வயதில் குடும்பம் அர்கன்சாஸ் மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டிப் பக்கம் குடிபெயர்ந்தது. அங்கே பருத்தி எடுக்கும் வேலை. பள்ளிக்கூடம் பேருக்குத்தான். சுருட்டுப் பெட்டியில் கம்பி கட்டி விளையாடியதுதான் முதல் கிடார். பிறகு ஒன்றே கால் டாலருக்கு ஒரு நிஜக் கிடார் வாங்கினார். கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததுதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

அவர் இடது கைக்காரர். கடையில் கிடைத்ததோ வலது கைக்காரர்களுக்கான கிடார். ஒரு வாத்தியார் இருந்திருந்தால் முதல் நாளே கம்பிகளைக் கழற்றி வரிசையை மாற்றிக் கட்டிக் கொடுத்திருப்பார், இல்லையென்றால் "வலது கையிலேயே பழகு" என்று அதட்டியிருப்பார். இரண்டும் நடக்கவில்லை. பையன் கிடாரை அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டான். மெல்லிய கம்பி மேலே வந்தது, தடித்த கம்பி தரைப் பக்கம் போனது. அதையே இயல்பென்று கொண்டு வளர்ந்தான்.

வாலிபத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான ஒசியோலாவில் பகலெல்லாம் கட்டுமான வேலை, புல்டோசர். இரவில் டி-99 என்ற கிளப்பில் 'இன் தி க்ரூவ் பாய்ஸ்' குழுவோடு வாசிப்பு. 'வெல்வெட் புல்டோசர்' என்ற பட்டப்பெயர் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. உடம்பும் குரலும் சேர்ந்தால் அந்தப் பெயர் அவருக்குக் கச்சிதம். 1950களின் தொடக்கத்தில் இண்டியானாவின் கேரி நகரத்துக்குப் போய், அங்கே ப்ளூஸ் பாடகர் ஜிம்மி ரீடுக்கு டிரம்ஸ் வாசித்தார். நம் கதைக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன். தாளத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவர் எங்கே வாசிக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்கிறார். கிங்கின் கிடாரில் ஒலிக்கும் சுரங்களைவிட அவர் விடும் இடைவெளிகள் எனக்கு அதிகம் நினைவில் நிற்கின்றன.

1953இல் சிகாகோவின் பேரட் கம்பெனிக்கு முதல் பதிவு. ஓடவில்லை. ஆனால் பெயர் மாறியது. அதற்கு முந்தின வருடம்தான் ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் பாட்டு நாடெங்கும் வெற்றி பெற்றிருந்தது. ஆல்பர்ட் நெல்சன் ஆல்பர்ட் கிங் ஆனார். பி.பி. கிங் தன் கிடாரை 'லூசில்' என்று அழைத்தார், இவர் தன் கிடாரை 'லூசி' என்றார். தானும் அவரும் சகோதரர்கள் என்றுகூடச் சில காலம் சொல்லிக்கொண்டார். இதில் பி.பி. கிங்குக்கு வருத்தம் இருந்தது. பின்னாளில் மனம் கனிந்து, ரத்தத்தில் சகோதரர் இல்லை என்றாலும் ப்ளூஸில் சகோதரர்தான் என்று சொன்னார். ஆல்பர்ட் கிங் முப்பது வயதிலும் யாருடைய நிழலில் நின்றார் என்பதற்கு இந்தப் பெயர் மாற்றமே சாட்சி. அவருடைய விரல்கள் வேறு மாதிரி இருந்தன. கேட்பவர்களுக்கு அது இன்னும் தெரியவில்லை.

கை எப்படி வேலை செய்தது

ப்ளூஸ் கிடாரில் உயிர் இருப்பது கம்பியை இழுப்பதில். கிடாரின் கழுத்தில் உள்ள ஒரு கட்டையில் விரல் வைத்து மீட்டிவிட்டு, கம்பியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் சுரம் மேலே ஏறும். வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

வலது கைக்காரருக்கு மெல்லிய கம்பி தரைப் பக்கம் இருக்கும். சுரத்தை ஏற்ற அதைக் கூரையை நோக்கித் தள்ளவேண்டும். விரல் நுனியின் பலம்தான் அங்கே வேலை செய்யும். ஆல்பர்ட் கிங்குக்கு அதே கம்பி மேலே, முகத்துக்குப் பக்கத்தில். அவர் அதைக் கீழ்நோக்கி, உள்ளங்கைப் பக்கமாக இழுத்தார். கிணற்றடியில் ராட்டினக் கயிற்றைக் கீழே இழுக்கும்போது தோளும் முழங்கையும் உடம்பின் கனமும் சேர்ந்து வேலை செய்யுமே, அந்த மாதிரி. பருத்தி எடுத்து, இயந்திரம் ஓட்டிப் பழகிய கையின் முழுப் பலமும் ஒரே கம்பியில் இறங்கியது. மற்றவர்கள் இரண்டு அரைச்சுரம் ஏற்றும் இடத்தில் அவர் மூன்று, நான்கு என்று ஏற்றினார். ஏற்றிய இடத்திலேயே நிறுத்திவைத்து அதை நடுங்கவும் வைத்தார்.

இதற்குத் தோதாகக் கம்பிகளை வழக்கத்தைவிடத் தளர்த்திச் சுருதி கூட்டினார். எந்தக் கம்பி எந்தச் சுரத்தில் இருந்தது என்பதில், பின்னால் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனியில் கூடவே வாசித்த ஸ்டீவ் க்ராப்பர் சொன்னது ஒன்று, 1972இல் அவருக்குக் கிடார் செய்துகொடுத்த டான் எர்லிவைன் சொன்னது இன்னொன்று. தளர்வாக இருந்தது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. இறுக்கம் குறைந்த கம்பி கைக்கு இளகிக்கொடுக்கும்.

பிக் என்ற சிறு வில்லை வைத்து மீட்டவில்லை, கட்டைவிரலின் சதையால் மீட்டினார். அதனால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் உலோகச் சத்தம் இல்லாமல், தொண்டையிலிருந்து வரும் குரல்போல மொத்தென்று விழும். கிடாரோ கிப்ஸன் கம்பெனியின் 'ஃப்ளையிங் வி'. அம்பு முனைபோல இரண்டு பக்கமும் ஒரே வடிவம். 1958இல் வெளிவந்தபோது யாரும் சீண்டவில்லை. இரண்டு வருடத்தில் நூற்றுக்கும் குறைவாகவே விற்றுக் கம்பெனி அதை நிறுத்திவைத்தது. திருப்பிப் பிடிக்கும் இடது கைக்காரருக்கு அதைவிட வசதியான கிடார் கிடையாது. மற்றக் கிடார்கள் பலவற்றில் ஒரு பக்கம்தான் வெட்டு இருக்கும், திருப்பினால் உயரக் கட்டைகளுக்குக் கை போகாது. வி வடிவத்தில் எப்படித் திருப்பினாலும் கை போகும்.

நானும் என் கிடாரை ஒரு மழைநாள் மாலையில் தலைகீழாகத் திருப்பி இதைச் செய்து பார்த்தேன். மற்றது எதுவும் கைகூடவில்லை. ஆனால் அந்த ஒரு கம்பியைக் கீழே இழுத்தபோது அது எழுப்பிய கூவல், இருபது வருடம் தள்ளிப் பழகிய எனக்கு ஒருநாளும் கிடைக்காத கூவல். ஆல்பர்ட் கிங்கைப் பற்றிப் படித்த எதையும்விட அந்த ஒரு கணம் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, அந்தத் தலைகீழ்க் கையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடித்துவிடலாமா? முடியாது. சிகாகோவில் ஓடிஸ் ரஷ் என்ற இன்னொரு மாபெரும் கலைஞர் இருந்தார். அவரும் இடது கைக்காரர், அவரும் கம்பி வரிசையை மாற்றாமல் திருப்பித்தான் வாசித்தார். அவருடைய இழுப்பும் உலுக்கிவிடும். ஆனால் அவருக்குச் சரியான கம்பெனி அமையாமல் வாழ்க்கையின் நல்ல வருடங்கள் வீணாயின. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இன்னொரு பக்கம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். இடது கைக்காரர்தான், ஆனால் திருப்பிய கிடாரில் கம்பிகளைத் தன் கைக்கேற்ப மாற்றிக் கட்டிக்கொண்டார்.

செயின்ட் லூயிஸ் வருடங்கள்

1956இல் ஆல்பர்ட் கிங் செயின்ட் லூயிஸ் பக்கம் வந்து சேர்ந்தார். ஆற்றுக்கு அக்கரையில், இல்லினாய் மாநிலத்தின் புரூக்ளின் என்ற சிற்றூரில் குடியிருந்தார். கிழக்கு செயின்ட் லூயிஸ் கிளப்புகளில் அவருக்கு நல்ல மரியாதை இருந்தது. கிடார் கலைஞர் லிட்டில் மில்டன் உள்ளூர் பாபின் கம்பெனிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தார். அவர்தான் 1959இல் கிங்கைச் சேர்த்துவிட்டார்.

1961இல் வந்த 'டோன்ட் த்ரோ யுவர் லவ் ஆன் மீ ஸோ ஸ்ட்ராங்' பில்போர்ட் இதழின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 14ஆம் இடம் வரை போனது. பியானோ ஐக் டர்னர். மெதுவான பாட்டு, அடிக்கு மூன்றாக உருளும் பியானோ, பின்னால் ஊது கருவிகள் ஒட்டாமல் நிற்கும் ஒரு விரிப்பு. கிடார் பாட்டு வரிகளுக்கு நடுவே வந்து பதில் சொல்லும். அருமையான பதிவு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் அந்த வருடத்தில் வந்த இன்னும் பல ப்ளூஸ் பாட்டுகளின் சட்டைதான் அது. கை தன் கை, சட்டை இரவல். அந்த இழுப்பு அதில் அப்படியே இருக்கிறது, சுற்றியிருக்கும் சத்தம் நெருக்கமாக இருப்பதால் காதில் முதலில் விழுவது அது இல்லை.

வெற்றி தொடரவில்லை. 1962இல் ஓர் ஆல்பம், பிறகு ஒரு சின்னக் கம்பெனி, பிறகு அமைதி. ப்ளூஸ் பழைய சங்கதி என்று கறுப்பின இளைஞர்கள் ஒதுக்கத் தொடங்கிய காலம் அது. அவர்கள் வானொலியில் கேட்டது சோல், தேவாலயப் பாட்டின் உருக்கமும் ஆட்டத் தாளமும் கலந்த இசை.

926, ஈஸ்ட் மெக்லெமோர்

சோல் இசையின் இரண்டு பெரிய வீடுகளில் ஒன்று மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ். வங்கி ஊழியரான ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் தொடங்கிய கம்பெனி. இருவரின் குடும்பப் பெயர்களின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளும் சேர்ந்ததுதான் ஸ்டாக்ஸ். முதலீட்டுக்காக எஸ்டெல் தன் வீட்டை அடமானம் வைத்தார். கேபிடல் என்ற பழைய சினிமா தியேட்டரை வாடகைக்கு எடுத்து, நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு, அதையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினார்கள். தியேட்டரின் சரிந்த தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். முன்பக்கம் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல்லின் இசைத்தட்டுக் கடை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எந்தப் பாட்டுக்கு ஆடுகிறார்கள், எதற்கு நகர்ந்துவிடுகிறார்கள் என்பதை அங்கேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கூடத்தின் நிரந்தரக் குழு புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ். ஆர்கனில் புக்கர் டி. ஜோன்ஸ், கிடாரில் ஸ்டீவ் க்ராப்பர், பேஸில் டக் டன், டிரம்ஸில் ஆல் ஜாக்சன். இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். ஒரே ஓட்டலில் சேர்ந்து சாப்பிட முடியாத நகரத்தில் வளர்ந்த நால்வர், அந்தக் கூடத்தில் தினமும் ஒன்றாக வாசித்தார்கள். அவர்களோடு டிரம்பெட்டில் வெய்ன் ஜாக்சன், சாக்ஸபோனில் ஆண்ட்ரூ லவ், சில பதிவுகளில் பியானோவுக்கு ஐசக் ஹேய்ஸ்.

இவர்களின் பழக்கம் ஒன்று உண்டு. யாரும் தேவைக்கு மேல் வாசிக்க மாட்டார்கள். க்ராப்பர் அடிக்கு நடுவே ஒரு வெட்டு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். ஆல் ஜாக்சன் எல்லோருக்கும் ஒரு மயிரிழை பின்னால் அடிப்பார், அந்த மயிரிழையில்தான் ஸ்டாக்ஸின் ஆட்டம் முழுவதும் இருக்கிறது. பாடகர்களுக்காகப் பழகிய இந்தச் சிக்கனம், வாழ்நாளெல்லாம் நெரிசலில் வாசித்த ஆல்பர்ட் கிங்குக்கு ஒரு காலி முற்றம்போல அமைந்தது. ஒரே சுரத்தை இழுத்து நிறுத்தினால் அது முழுதாகக் கேட்டது. ஏறுவது, நடுங்குவது, இறங்கி வருவது எல்லாம் கேட்டது.

மரம் அறுக்கும் ரம்பத்தைப் பற்றிய பழைய ப்ளூஸ் பாட்டு 'க்ராஸ்கட் ஸா'. 1940களிலிருந்தே இருந்த பாட்டு. ஸ்டாக்ஸில் ஆல் ஜாக்சன் அதைப் பழைய உருட்டலில் வாசிக்காமல், கரீபியன் பக்கத்து ஆட்டத் தாளத்தைப் போல முன்னும் பின்னும் அசையவிட்டார். அந்த அசைவின் மேல் கிங்கின் கிடார் நிதானமாக நடந்து வருகிறது. பாட்டின் தனி வாசிப்பில் அவர் சொல்வது நாலைந்து வாக்கியம்தான். ஒன்றைச் சொல்லிவிட்டு நிற்கிறார். ஜாக்சனின் தாளம் அந்த இடைவெளியில் வந்து நிற்கிறது. பிறகு அடுத்தது. எத்தனை முறை கேட்டாலும் அந்த நிற்றல் எனக்குச் சலிக்கவில்லை.

ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 'பார்ன் அண்டர் எ பேட் சைன்'. கிங்குக்காகப் புதிய ப்ளூஸ் ஒன்று வேண்டும் என்று வந்தபோது, பாடகர் வில்லியம் பெல் தன்னிடம் இருந்த ஒரு யோசனையை எடுத்தார். ஜோசியமும் ராசியும் அப்போது அமெரிக்க இளைஞர்களிடையே பேச்சாக இருந்ததால் வந்த யோசனை. கெட்ட ராசியில் பிறந்தவன், எழுதப் படிக்கத் தெரியாதவன், தவழத் தொடங்கிய நாளிலிருந்து விழுந்துகிடப்பவன். ஜாதகப் பலனை நம்பி நொந்துபோன குடும்பங்களைப் பார்த்த நமக்கு இந்தப் புலம்பல் அந்நியமே இல்லை. பெல்லும் புக்கர் டி.யும் சேர்ந்து பாட்டை முடித்தார்கள். ப்ளூஸின் பழகிய பன்னிரண்டு அளவுச் சட்டத்தை அது அப்படியே பின்பற்றவில்லை. பேஸ், கிடார், ஊது கருவிகள் எல்லாம் ஒரே கனமான வரியைச் சேர்ந்து வாசிக்கின்றன, சுமை தூக்குபவன் அடி எடுத்து வைப்பதுபோல. ப்ளூஸின் வேதனையும் சோல் இசையின் ஆட்டமும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டது இங்கேதான். எழுதியவர்கள் சோல்காரர்கள், பாடியவர் பருத்திக் காட்டிலிருந்து வந்தவர். பாட்டில் வரும் அந்த எழுத்தறியாத மனிதனை கிங் நடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இப்போது ஒரு கணக்கு. ஸ்டாக்ஸில் வந்த 'லாண்ட்ரோமாட் ப்ளூஸ்' பட்டியலில் 29ஆம் இடம். 'க்ராஸ்கட் ஸா' 34. 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' 49. 1961இன் 14ஆம் இடத்தை மூன்றில் ஒன்றுகூடத் தொடவில்லை. விற்பனையை மட்டும் வைத்து அளந்தால் ஸ்டாக்ஸ் வருடங்கள் ஒரு சறுக்கல். இசைக் கம்பெனிகளின் கணக்கேடுகளைப் பார்த்துக் கலைஞர்களை எடைபோடுகிறவர்கள் இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 14ஆம் இடம் பிடித்த பாட்டை இன்று தேடிப்போய்க் கேட்பவர்கள் ப்ளூஸ் பித்தர்கள் மட்டுமே. 49ஆம் இடம் பிடித்த பாட்டைத் தெரியாத கிடார்க்காரரைக் கண்டுபிடிப்பது கடினம்.

பரவிய விதம்

முதலில் லண்டன். க்ரீம் குழுவின் எரிக் கிளாப்டன் 1967இல் 'ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ' பாட்டுக்கு வாசித்த தனி வாசிப்பு, கிங்கின் 'ஓ, ப்ரெட்டி வுமன்' பாட்டில் இருந்து கிட்டத்தட்ட அப்படியே எடுத்தது. அடுத்த வருடம் 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' பாட்டையே க்ரீம் வெளியிட்டது. ஏன் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது? கிங் வாசித்த சுரங்கள் குறைவு. ஒருமுறை கேட்டால் வாய்விட்டுப் பாடிவிடலாம். மனப்பாடம் ஆகும், ஆனால் கைக்கு வராது. அந்த இழுப்பு அப்படியே வரும்வரை திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கவேண்டியதுதான். ஒரு தலைமுறையே முயன்றது.

பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ. 1968 பிப்ரவரி 1 அன்று ஃபில்மோர் அரங்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜான் மேயால் ஆகியோரோடு ஒரே மேடையில் ஆல்பர்ட் கிங். கச்சேரி நடத்தியவர் பில் கிரஹாம். கறுப்பர்களின் கிளப்புகளில் மட்டுமே வாசித்துவந்த 44 வயது மனிதர், நீண்ட முடி வளர்த்த வெள்ளை இளைஞர்களுக்கு முன்னால் நின்றார். அவர் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. அதே வருடம் ஜூனில் அதே அரங்கில் பதிவான 'லைவ் வயர்/ப்ளூஸ் பவர்' ஆல்பத்தைத் தயாரித்தவர் டிரம்ஸ் கலைஞர் ஆல் ஜாக்சன். அதில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் 'ப்ளூஸ் பவர்' பாட்டில், கிடார் மெதுவாகப் போய்க்கொண்டிருக்க, கிங் கூட்டத்தோடு பேசுகிறார். ப்ளூஸ் எல்லோருக்கும் உண்டு என்கிறார். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குப் பால் புட்டி நேரத்துக்கு வரவில்லையா, அதற்கும் ப்ளூஸ்தான் என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு கம்பியை இழுக்கிறார், சிரித்த வாய்கள் அலறுகின்றன. அந்த இடத்தை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

1969 நவம்பரில் செயின்ட் லூயிஸ் சிம்ஃபனி இசைக்குழுவோடு வாசித்தார். அதே ஊரின் கிளப்புகளில் பத்து வருடம் வாசித்தவருக்கு அந்த மேடை என்னவாக இருந்திருக்கும்!

ஸ்டாக்ஸ் எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்று சொல்ல வரவில்லை. எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளை மட்டுமே வைத்து கிங்கை ஓர் ஆல்பம் பாடவைத்தார்கள். விற்பனை மூளையில் உதித்த யோசனை, காதில் உதித்தது இல்லை. அவர் வாசிப்பில் குறையில்லை, ஆனால் அந்தப் பாட்டுகளுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

1972இல் மறுபடியும் அந்தக் கூடம் அவரைக் கண்டுகொண்டது. இந்த முறை பின்னால் இருந்தவர்கள் பார்-கேஸ் குழுவும், ஐசக் ஹேய்ஸுக்கு வாசித்த தி மூவ்மெண்ட் குழுவும். 1967 டிசம்பரில் ஸ்டாக்ஸ் பாடகர் ஓடிஸ் ரெடிங்கோடு விமான விபத்தில் நான்கு பேரை இழந்து, மீண்டும் எழுந்த குழு பார்-கேஸ். 'ஐ'ல் ப்ளே தி ப்ளூஸ் ஃபார் யூ' என்ற தலைப்புப் பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு, தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் ஆறுதலாகப் பேசுகிறார். ஹேய்ஸ் சோல் இசைக்குக் கொண்டுவந்த நீண்ட பேச்சு இப்போது ப்ளூஸுக்குள் வந்துவிட்டது. இந்த ஆல்பம் நம் ஆய்வுக்கு ஏன் தேவை என்றால், இதில் எம்.ஜி.ஸ் நால்வரும் அடித்தளம் இல்லை. ஆட்கள் மாறினார்கள், தாளம் மாறியது, ஆனால் இடம்விட்டு வாசிக்கும் வீட்டுப் பழக்கம் மாறவில்லை. கிங் மறுபடியும் முழுதாக ஒலித்தார். அதே வருடம் ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடிய வாட்ஸ்டாக்ஸ் விழா மேடையிலும் வாசித்தார். 1974இல் 'தட்ஸ் வாட் தி ப்ளூஸ் இஸ் ஆல் அபௌட்' பட்டியலில் 15ஆம் இடம் வரை ஏறியது.

வீடு போன பிறகு

1975 அக்டோபர் 1 அன்று ஆல் ஜாக்சன் தன் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலாகி மூடப்பட்டது. மூன்று மாதத்துக்குள் இரண்டும் போயின.

அதன்பின் கிங் வேறு கம்பெனிகளில் பதிவு செய்தார். அந்தக் காலத்து நாகரிகப்படி வயலின் கூட்டமும் டிஸ்கோ தாளமும் கோரஸ் குரல்களும் அவரைச் சுற்றி நிரம்பின. 1978இல் நியூ ஆர்லியன்ஸின் ஆலன் டூசான் தயாரித்த ஆல்பம் வந்தது. டூசான் பெரிய மேதை, நான் மதிப்பவர், ஆனாலும் அந்த ஆல்பத்தில் கிங் விருந்தாளிபோலத்தான் இருக்கிறார். கை தளரவில்லை. அதே ஆண்டுகளின் மேடைப் பதிவுகளைக் கேட்டால் இழுப்பு முன்பைவிடக் கனத்திருக்கிறது. மேடையில் முழுதாக ஒலிப்பவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நெருக்கப்பட்டார். 1961இல் பார்த்த அதே நெரிசல், இந்த முறை விலை உயர்ந்த கருவிகளோடு.

அவர் ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டே இருந்தார், தன் பஸ்ஸைத் தானே ஓட்டிக்கொண்டு.

1983 டிசம்பர் 6. கனடாவின் ஹாமில்டன் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு நிகழ்ச்சிக்காக இளைஞர் ஒருவரோடு வாசிக்க கிங் ஒப்புக்கொண்டிருந்தார். ஸ்டீவி ரே வான் என்ற பெயர் அவருக்கு முதலில் பிடிபடவில்லை. நேரில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. டெக்சாஸின் ஆஸ்டின் நகரக் கிளப்பில் பல வருடம் முன்பு தன் மேடையில் ஏறி வாசித்த அந்த ஒல்லிப் பையன்! கிங்குக்கு 60 வயது, ஸ்டீவிக்கு 29. அந்த வருடம்தான் டேவிட் போவியின் ஆல்பத்தில் ஸ்டீவி வாசித்தது உலகமெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது, அதில் பாதி ஆல்பர்ட் கிங்கின் மொழி.

இருவரும் வாசிக்கிறார்கள். பாட்டுகளுக்கு நடுவில் பெரியவர் பேசுகிறார். நீ ஏற்கெனவே நன்றாக வாசிக்கிறாய், இன்னும் நன்றாக வாசிக்கவேண்டும், இது போதும் என்று இருந்துவிடாதே என்கிறார். ஸ்டீவி பள்ளிப்பிள்ளைபோலக் கேட்டுக்கொள்கிறார். வேகமாக வாசிக்கத் தெரிந்த அந்த இளைஞர் அன்று வேகத்தை அடக்கி, பெரியவர் பாடும்போது பின்னால் ஒதுங்கி நின்று, க்ராப்பர் செய்ததைச் செய்கிறார். ஒலிப்பதிவில் அது தெளிவாகக் கேட்கிறது. கிங் ஒரு சுரத்தை இழுக்கிறார், ஸ்டீவி கை வைக்காமல் காத்திருக்கிறார். ஸ்டாக்ஸ் மூடி எட்டு வருடம் ஆகியிருந்தது. ஆல்பர்ட் கிங்குக்கு மறுபடியும் இடம் கிடைத்தது. அந்தப் பதிவு ஆல்பமாக வந்தது 1999இல். அப்போது இருவருமே இல்லை. ஸ்டீவி ரே வான் 1990 ஆகஸ்டில் ஹெலிகாப்டர் விபத்தில் போய்விட்டார்.

1992 டிசம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஆல்பர்ட் கிங்கின் கடைசிக் கச்சேரி. இரண்டு நாள் கழித்து மெம்ஃபிஸில் மாரடைப்பால் இறந்தார். வயது 69. மெக்லெமோர் அவென்யூவின் அந்தத் தியேட்டரை மூன்று வருடம் முன்பே இடித்திருந்தார்கள். இறுதி ஊர்வலத்தில் மெம்ஃபிஸ் ஹார்ன்ஸ் குழு 'வென் தி செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' வாசித்தது. 1966இல் அந்தச் சரிந்த தரையில் அவரோடு வாசித்த வெய்ன் ஜாக்சன், ஆண்ட்ரூ லவ் ஆகியோரின் குழுதான் அது. ஆற்றைக் கடந்து, அர்கன்சாஸின் எட்மண்ட்சனில் அவரை அடக்கம் செய்தார்கள். பருத்தி எடுத்து வளர்ந்த ஊரிலிருந்து அது அதிக தூரம் இல்லை.